ரெண்டாங் கியர் பான்ஃபிலோ

நாலாவது தடவை தொலைபேசி அடித்தபோது லொரேத்தா எடுத்துவிட்டாள். எடுக்காமலே விட்டிருக்கலாம். ஆனால் டாக்டர் அப்பாவின் நாற்காலி முன்னால் மண்டியிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தபடி இருந்தார். அந்த நேரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பாத்தோம், பாத்தோம்! குடும்பமே உக்காந்து டிவியில பாத்தோம்!" பெல்ஜியத்திலிருந்து அத்தை மகன். "அந்தக் கம்பளியும் தடியும்! மாமா நடிகன் மாதிரி இல்ல இருக்காரு! குடு, குடு, போன அவர்கிட்ட குடு."

லொரேத்தா திரும்பிப் பார்த்தாள். டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப பேச முடியாது," என்றாள்.

"தூங்குறாரா? சாப்பிட்டா உடனே கண்ண மூடிடுவாரே மனுஷன். எந்திரிச்சதும் சொல்லு, இங்க எல்லாரும் கை தட்டினோம்னு."

"சொல்றேன். ரொம்ப சந்தோஷம். சொல்றேன்."

வைத்த பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்றேன் என்று சொன்னது தன் வாய்தானா? கையை எடுப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. தூரினிலிருந்து யாரோ, வாழ்த்துகள் என்றார்கள். அதற்கும் நன்றி சொன்னாள். டாக்டர் காகிதத்தில் நேரத்தை எழுதுவதற்குள் மூன்று பேருடைய பாராட்டை வாங்கி வைத்திருந்தாள்.

"எப்ப நடந்துச்சு?" என்றார் டாக்டர்.

"தெரியல."

"பக்கத்துல யாரும் இல்லியா?"

"இருந்தோம். ஏழு பேர் இருந்தோம், டாக்டர்."

ஏழு பேரும் இப்போதும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா அசுந்தா கையில் காப்பிக் கோப்பைகள் அடுக்கிய தட்டுடன் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அதைக் கீழே வைக்க யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மேயர் சபாத்தினோ, அவன் மனைவி, மூன்று பக்கத்து வீட்டுக்காரர்கள். அம்மாவைத் தவிர எல்லோரும் டிவியைப் பார்க்கிற வாக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள். அப்பாவின் சாய்வு நாற்காலி அவர்களுக்கு முதுகுப்பக்கம், ஜன்னலோரம் இருந்தது. அவரே கேட்டு அங்கே போட்டுக்கொண்டார். என் மூஞ்சிய நான் எதுக்குக் கிட்டத்துல பாக்கணும், என்றிருந்தார்.

ஆக, பான்ஃபிலோவின் முகத்தைத் திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பான்ஃபிலோவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. இதை எப்படித் திருப்பிப் போட்டுச் சொன்னாலும் லொரேத்தாவுக்கு அதேதான் வந்தது.

அதுமட்டும் என்றால்கூடப் போகட்டும். அவர் ஒரு வார்த்தை பேசினார். நிகழ்ச்சி பாதி ஓடியிருக்கும். "லொரேத்தா, அத அணைச்சுடு," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் ஆட்டினாள். "ஷ்ஷ், அப்பா. உங்களத்தான் காட்டுறாங்க." அவள் கண் வேறெதிலும் இல்லை: கோட்டைக் கோபுரம் வந்துவிட்டதா, கடைசியில் சுற்றுலா அலுவலக எண்ணைப் போடுவார்களா. போட்டார்கள். கை தட்டிக்கொண்டே திரும்பினாள்.

"முன்னாடியே பாத்திருந்தா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"ஒண்ணும் மாறியிருக்காதும்மா. வலியே இருந்திருக்காது."

டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வேறென்ன சொல்வார்கள், பாவம்.

பான்ஃபிலோ இடையரே இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா இடையர். ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஆட்டு மந்தையோடு தெற்கே சமவெளிக்கு நடந்து போய், வசந்தத்தில் நடந்தே திரும்பியவர். மகன் அதைப் பார்த்தே வளர்ந்ததால், ஆட்டு வாடை இல்லாத வேலை எதுவானாலும் சரி என்று பதினெட்டு வயதில் ஊரை விட்டு இறங்கிப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். மலை ஊரான பியெத்ராமுராவிலிருந்து கீழே ரயில் நிலையம் வரைக்கும் பதினேழு நிறுத்தங்கள். முப்பத்தோரு வருஷம், அதே சாலை. வளைவு எதுவானாலும், பனியோ வெயிலோ, இரண்டாம் கியருக்கு இறக்கித்தான் திரும்புவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்தாலும் சரி. அதனால் ரெண்டாங் கியர் என்று பெயர். அந்த ஊரில் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயருமாக ஆறு பான்ஃபிலோக்கள் உண்டு. பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரன்கூட யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

மே மாதம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பழைய ஊர்கள், பழைய தொழில்கள் என்று ஊர் ஊராகப் போய்க் காட்டுகிற நிகழ்ச்சி. அவர்களைக் கடிதம் மேல் கடிதம் போட்டு வரவழைத்தவள் லொரேத்தா. ஊரில் மிச்சமிருப்பது இருநூற்றுப் பத்துப் பேர். சுற்றுலா அலுவலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்தி. வந்தவர்கள் கோபுரத்தைப் பார்த்தார்கள், பாலாடைக் கட்டியைத் தின்றார்கள், பிறகு இடையன் எங்கே என்று கேட்டார்கள்.

இடையன் இருந்தான். த்ராய்கோ. மாசிடோனியாவிலிருந்து வந்தவன், இருபது வருஷமாக இந்த மலையில் முந்நூறு ஆடுகளை மேய்க்கிறான். அவன் பேசியதை இரண்டு நிமிஷம் கேட்ட இயக்குநர் பெண் லொரேத்தாவைத் தனியே கூப்பிட்டாள். "உள்ளூர்க்காரர் யாராவது இல்லியா? முகத்துல சுருக்கம் இருக்கணும்."

மலைகளில் இப்போது ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோருமே வெளிநாட்டுக்காரர்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்பாவிடம் போய் நின்றாள்.

"என்னையா? ஆட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னுகூட எனக்கு மறந்துபோச்சு."

"கம்பளியப் போட்டுக்கிட்டு சரிவுல நடந்தா போதும்ப்பா. எனக்காக."

எனக்காக என்றால் அவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அது அவளுக்குத் தெரியும். த்ராய்கோ தன் கம்பளியையும் தடியையும் நாயையும் கொடுத்தான். கொடுக்கும்போது சிரித்தான். "நல்லா மேய்ங்க, பெரியவரே. எனக்கு ஒரு நாள் லீவு."

சாயங்காலத்துக்குள் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்குத் துணி போட்டார்கள், டிவிக்குப் பூப்போட்ட மேஜை விரிப்பு. அம்மாவின் கையிலிருந்து தட்டை யாரோ வாங்கியிருந்தார்கள். அப்பாவை நடு அறையில், பழுப்புக் கோட்டு சூட்டில், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கிடத்தியிருந்தார்கள். சுவரோரமாக நாற்காலிகள், அதில் வந்து உட்கார்ந்த பெண்கள் ஜெபமாலையை உருட்டினார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எதிர்வீட்டிலிருந்து ஒரு பானை சூப் வந்தது. யாரும் தொடவில்லை.

லொரேத்தா அழவில்லை. பேயறைந்தவள் போல இருக்கிறாள் என்று ஒருத்தி காதோரம் சொன்னது அவளுக்கே கேட்டது. அது உண்மைதான். மூளைக்குள் ஒரே வாக்கியம் சுற்றிச் சுற்றி வந்தது. எதை அணைக்கச் சொன்னார்? நெஞ்சு வலித்துச் சொன்னாரா, வெட்கப்பட்டுச் சொன்னாரா?

சபாத்தினோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மேயரானாலும் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"லொரே, மரண அறிவிப்பு அச்சடிக்கணும். அச்சுக்கடை எஜீதியோ வெளியே நிக்கிறான். படம் டிவியிலேர்ந்தே எடுத்துக்கலாமா? கம்பளியோட இருக்கறது. அம்சமா இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"கீழ 'பியெத்ராமுராவின் கடைசி இடையர்'னு போட்டுடலாம். நாடே இன்னிக்கு அப்படித்தான அவரப் பாத்துச்சு? உனக்கு மட்டுமில்ல, ஊருக்கே பெருமை."

அதற்கும் தலையாட்டினாள். இந்த ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டிருந்தாலும், உன்னை மலையிலிருந்து தள்ளிவிடட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே மாதிரிதான் ஆட்டியிருப்பாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க இறங்கியபோது சதுக்கத்துச் சுவரில் அப்பாவைப் பார்த்தாள். கறுப்புக் கட்டம், சிலுவை, பெயர், நாளை செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அடக்கம். நடுவில் கம்பளியும் தொப்பியும் தடியுமாக ஒரு கிழவர், தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு. ஒரு கணம் யார் இது என்று நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். அது புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னாலேயே அங்கே ஒருவன் நின்றிருந்தான். த்ராய்கோ. அறிவிப்பை விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டுத் திரும்பினான்.

"கடைசி இடையர்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப நான் யாரு?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவன் மாதிரி இருந்தது. "நான் செத்துட்டேனா, லொரேத்தா? முந்நூறு ஆடு மேல நிக்குது. அதுங்ககிட்ட யாரு சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டுக்காரி நடு சதுக்கத்தில் நின்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது வேறாக மாறியது. த்ராய்கோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது முடியும்வரை காத்திருந்தான்.

"கீழ நிறுத்தத்துல எல்லாம் ஒட்டியாச்சா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஒட்டியாச்சு. தீவனம் வாங்கிட்டு வர்ற வழியில பாத்தேன். பதினேழுலயும் இருக்கு. யாருமே நின்னு பாக்கல."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பட்டப்பெயர் போடவில்லை. கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு ரெண்டாங் கியரைத்தான் தெரியும். ஆறு பான்ஃபிலோவில் எவனோ ஒரு இடையன் செத்தால் அவர்களுக்கு என்ன? முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கும் சந்தைக்கும் பிரசவத்துக்கும் அவர் ஏற்றி இறக்கின ஜனம், அவர் போனது தெரியாமலே நாளைக்குத் தங்கள் வேலையைப் பார்க்கும். அப்பா யாருமில்லாமல் போவார். நேற்று நாற்காலியில் போன மாதிரியே.

வீட்டுக்கு ஓடினாள். சமையலறை அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த படத்தை உருவினாள். ஓய்வு பெற்ற அன்று சக ஓட்டுநர்கள் எடுத்தது: பேருந்தின் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, நீலச் சட்டை, சரிந்த தொப்பி, எடுக்கிறவனை ஏதோ வம்புக்கு இழுக்கிற வாய். எஜீதியோ கடையில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "ரெண்டாங் கியர்னு போடு. பேரவிடப் பெருசா போடு."

"மேயர் என்ன சொல்வாரு?"

"மேயர் செத்தா அவருக்குப் பிடிச்சத போட்டுக்கட்டும்."

த்ராய்கோவின் வண்டியில் ஆட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவே பசை வாளியை வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அவன் ஓட்டினான், அவள் இறங்கி ஒட்டினாள். கம்பளிக்காரக் கிழவர் மேல் பசையைப் பூசி, நீலச் சட்டைக்காரரை ஒட்டித் தேய்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் த்ராய்கோ, அவள் சொல்லாமலே, இரண்டாம் கியருக்கு இறக்கினான்.

ஆறாவது நிறுத்தம் பழைய மாவு மில். நிழற்குடையின் பெஞ்சில் ஒரு பெண், எழுபது வயதிருக்கும், மடியில் முறத்தை வைத்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காலையில் ஒட்டிய அறிவிப்பு.

"யாரோ இடையனாம்," என்றாள், லொரேத்தா வாளியோடு வருவதைப் பார்த்து. "டிவியில எல்லாம் வந்தானாம். மேல ஊர்க்காரன். பாவம்."

லொரேத்தா அதன் மேலேயே புதியதை ஒட்டினாள். அந்தப் பெண் சும்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு முறம் மடியிலிருந்து சரிந்தது. பீன்ஸ் தார்ச்சாலையில் உருண்டு ஓடியது.

"ரெண்டாங் கியரா? நம்ம ரெண்டாங் கியரா?"

"என்னோட அப்பா."

"அடிப்பாவி!" அவள் எழுந்து லொரேத்தாவின் தோளில் கையால் அடித்தாள். வலிக்கிற மாதிரியே அடித்தாள். "காலைலேர்ந்து நான் இவனுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்! இவனுக்குக் கீழ உக்காந்து பீன்ஸ் உரிக்கிறேன்! ஒரு சிலுவகூடப் போட்டுக்கல! என் பொண்ணுக்கு வலி எடுத்தப்ப, பனியில, வண்டி ஒண்ணும் வராதப்ப, பஸ்ஸத் திருப்பி ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு நிறுத்தினவன்டி இவன். ஏண்டி அந்தக் கம்பளி மூட்டைய மாட்டி விட்டீங்க அவனுக்கு? எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துலயே இருந்துகிட்டு எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

லொரேத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் பக்கத்துலதாங்க உக்காந்திருந்தேன்," என்றாள். "எனக்கும் தெரியல."

இதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து பீன்ஸைப் பொறுக்க ஆரம்பித்தாள். லொரேத்தாவும் குனிந்தாள், த்ராய்கோவும் வண்டியை விட்டு இறங்கி வந்து குனிந்தான். கடைசி பீன்ஸ் வரைக்கும் மூன்று பேருமாகப் பொறுக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பேருந்து நிரம்பி வந்தது. இருபது வருஷமாகப் பாதிக்கு மேல் நிரம்பாத பேருந்து. பதினேழு நிறுத்தத்திலிருந்தும் கறுப்புக் கோட்டும் கறுப்புத் துணியுமாக இறங்கினார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் ஓட்டுநர் பக்கம் திரும்பி நன்றி சொன்னார்கள். அது அவர்களுடைய பழக்கம். அதையும் அப்பாதான் பழக்கியிருந்தார். இறங்குகிறவன் நன்றி சொல்லும்வரை கதவைத் திறக்க மாட்டார் என்று ஒரு கதை உண்டு. ஊர்வலம் போன வழியில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வெரோனா பக்கத்திலிருந்து காரில் வந்த கணவன் மனைவி, டிவியில் பார்த்த இடையரைத் தேடிக்கொண்டு வந்தவர்கள், யாருக்கு இந்தச் சாவு என்று ரொட்டிக் கடைக்காரியைக் கேட்டார்கள். பஸ் டிரைவருக்கு என்றாள் அவள். இடையர் எங்கே இருப்பார்? மேல மலையில, ஆனா இன்னிக்கு லீவு, என்றாள். த்ராய்கோ சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி நடந்துகொண்டிருந்தான்.

கல்லறை வாசலில் இருநூறு கைகளைக் குலுக்கி முடித்து வீடு திரும்பியபோது மணி மூன்றரை. அம்மா சாய்வு நாற்காலியில், அவருடைய நாற்காலியில், முதல் தடவையாக உட்கார்ந்தாள். எதிர்வீட்டு சூப்பை லொரேத்தா இரண்டு தட்டில் ஊற்றினாள். இருவரும் குடித்தார்கள்.

"மூணே முக்காலுக்கு மறுபடியும் போடுறாங்களாம்," என்றாள் அம்மா. "சபாத்தினோ பொண்டாட்டி சொன்னா."

"நீ பாக்கணுமா?"

"நான் பாக்கல. அன்னிக்கும் பாக்கல. காப்பி போட்டுக்கிட்டிருந்தேன்." தட்டைக் கீழே வைத்தாள். "நீ பாரு. துக்கம்னா டிவி போடக்கூடாதுதான். போடு, ஒண்ணும் ஆகாது."

லொரேத்தா மேஜை விரிப்பை எடுத்தாள். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை, திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். கோபுரம் வந்தது, அதைப் பார்க்கவில்லை. பாலாடைக் கட்டி வந்தது. பிறகு சரிவில் ஆடுகள் இறங்கின. பின்னால் அப்பா, முழங்கால் வரை தொங்கும் த்ராய்கோவின் கம்பளியில், வாயை இறுக்கிக்கொண்டு. பாதை ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. வளைவுக்கு நாலு அடி முன்னால் அவருடைய இடது கால், கிளட்ச் மிதிக்கிற மாதிரி, தரையில் அழுத்தி ஊன்றியது. வலது கை தடியின் தலையைப் பற்றி, சின்னதாக, பின்னுக்கு இழுத்தது. பிறகுதான் திரும்பினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவருடைய வாழ்நாள் முழுவதும்," என்று ஆரம்பித்தது டிவிக் குரல், "இந்த ஆடுகளோடுதான்..."

இங்கேதான். இந்த இடத்தில்தான் அணைக்கச் சொன்னார்.

லொரேத்தா கையை நீட்டி அணைத்தாள். விரிப்பை மறுபடி போட்டு, சுருக்கம் இல்லாமல் நாலு முனையையும் இழுத்துவிட்டாள். வெளியே, கோட்டைக்குக் கீழே கடைசி வளைவில், ரயிலடியிலிருந்து வருகிற பேருந்து உறுமிக்கொண்டு இரண்டாம் கியருக்கு இறங்கியது.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு," என்றாள்.